ஏழுமலை பக்கத்தில் நடந்த சண்டை

நம் கலைக்களஞ்சியத்தில் புதிதாக எழுத வந்திருக்கிறீர்கள். எங்கே சொடுக்கினால் என்ன வரும், மேற்கோளை எப்படிச் சேர்ப்பது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு உதவிப் பக்கம் இருக்கிறது. நான் நிர்வாகிப் பொறுப்பை விட்டு ஒதுங்கி நாளாகிறது. சம்பளம் கிடையாது, வீட்டில் மரியாதையும் கிடையாது என்று தெரிந்தே பல வருடம் இதில் கிடந்தேன். திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு செய்து முடித்து, வீட்டுக்கு வந்தும் தட்டச்சு செய்யும் பெண்ணை யார்தான் மதிப்பார்கள்? "யாருக்கோ ஓசியில டைப் அடிச்சிக்கினு இருக்குது" என்று என் மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது சண்டைகளைப் பற்றி மட்டும்தான். எங்கள் காலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கட்டுரைக்கு எந்தப் படம் போடுவது என்பதற்கே ஒரு மாதம் அடித்துக்கொண்டோம். உரித்த பயறா, செடியோடு பிடுங்கியதா என்று பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் மாறி மாறித் திட்டினார்கள். அதெல்லாம் சிரிப்புச் சண்டை. சிரிக்க முடியாத சண்டை ஒன்று உண்டு.

முதலில் அதில் சம்பந்தப்பட்ட ஒரு தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். விழுப்புரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் வேலை பார்த்தவர். வயதில் என் கடைசித் தம்பியைவிடச் சின்னவர். ஆனால் களஞ்சியத்தில் எனக்கு மூத்த நிர்வாகி. என் முதல் கட்டுரையைச் சல்லடையாகச் சலித்து, எனக்கு அழுகை வரும் அளவுக்குத் திருத்தி, பிறகு "நல்லா எழுதுறீங்கக்கா, ஆதாரம் மட்டும் குடுங்க" என்று எழுதியவர். இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். ஆதாரம், ஆதாரம், ஆதாரம். காலையில் பல் துலக்கும்போதுகூட ஆதாரம் கேட்பார் போல என்று கேலி செய்வேன்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. இரண்டு மூன்று வரிகளோடு அரைகுறையாகக் கிடக்கும் பக்கங்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. ஒரே விஷயத்துக்கு இரண்டு குட்டிப் பக்கங்கள் இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடுவார். இதை இணைப்பது என்போம். நல்ல வேலைதான், யாராவது செய்யத்தான் வேண்டும். அப்படி அவர் இணைத்த பக்கங்களில் ஒன்று, ஏழுமலை என்ற கபடி வீரரைப் பற்றியது. விழுப்புரம் தனி மாவட்டமான புதிதில் மாநில அளவில் விளையாடிய அணியைச் சேர்ந்தவர். இணைத்த பிறகு பார்க்க அழகான பக்கம். வாழ்க்கை, ஆட்டங்கள், ஒரு புகைப்படம். மொழியைச் சீர் செய்து கொடுத்தவள் நான்.

சில வருடம் அந்தப் பக்கத்தை யாரும் தொடவில்லை. ஒருநாள் ஒரு புதுக் கணக்கு வந்து, ஏழுமலை இறந்துவிட்டார் என்று தேதியோடு எழுதியது. செய்தித்தாளில் வந்த இரங்கல் செய்தியையும் ஒழுங்காகக் காட்டியிருந்தது. தம்பி சரிபார்த்து ஏற்றுக்கொண்டார். மறுநாள் அதே கணக்கு புகைப்படத்தை எடுத்துவிட்டது. "இது என் அப்பா இல்லை" என்று ஒரு வரி. தம்பி படத்தை மறுபடி வைத்தார். அந்தக் கணக்கு மறுபடி எடுத்தது. பத்திரிகையில் வந்த படம் என்று முறையான குறிப்போடு உள்ள படம் அது. மகள் என்று சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் வரலாம். "ஆதாரம் தரவும்" என்று தம்பி எழுதினார். "என் அப்பா முகம் எனக்குத் தெரியாதா?" என்று பதில் வந்தது. நீங்களே சொல்லுங்கள், அதை எந்த மேற்கோள் படிவத்தில் போடுவது? திரும்பத் திரும்ப மாற்றியதற்காக அந்தக் கணக்கைத் தம்பி தடைசெய்தார்.

அந்த வாரமே இன்னொரு புதுக் கணக்கு. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, இறந்த தேதியை அழித்துவிட்டு, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் இப்படி எழுதியது: "நான்தான் ஏழுமலை. நான் சாகவில்லை. தயவு செய்து எடுக்கவும்."

தம்பி எனக்குப் போன் செய்தார். "பார்த்தீங்களாக்கா? ஒரே ஆளு. அங்க தடை போட்டதும் இங்க வேற பேர்ல வந்துட்டான். மொதல்ல மக, இப்ப செத்தவரே வந்துட்டாரு!"

ஒரே ஆள் இரண்டு பெயரில் வந்து கலாட்டா செய்வதை நாங்கள் கைப்பாவை என்போம். உங்களுக்கும் இது பழகிவிடும். இரண்டுமே புதுக் கணக்குகள். இரண்டும் அந்த ஒரு பக்கத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை. இறந்தவர் பேரில் ஆள்மாறாட்டம், கைப்பாவை என்று காரணம் எழுதி, அந்தக் கணக்கையும் தம்பி நிரந்தரமாகத் தடைசெய்தார். விதிப்படி பார்த்தால் ஒரு ஓட்டை கிடையாது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளி மைதானத்தில் கபடிப் போட்டி. காலையிலிருந்தே மைக் செட் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. "மறைந்த வீரர் ஏழுமலை அவர்களுக்கு அஞ்சலி" என்று அறிவித்ததும் எனக்குக் காது நிமிர்ந்தது. நம் பக்கத்து ஏழுமலை அல்லவா! செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

மைதானத்து மேடையோரத்தில் ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். நம் பக்கத்தில் இருந்த அதே படம். அதற்குச் சம்பங்கி மாலை, முன்னால் குத்துவிளக்கு. படத்துக்குக் கீழே அச்சாகியிருந்ததைப் படித்தேன். என் வாக்கியங்கள். நான் போட்ட கால்புள்ளிகூட மாறவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. போட்டி நடத்திய பையன்கள் எல்லாம் இருபது வயதுக்காரர்கள், ஏழுமலை ஆடியதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. களஞ்சியத்தைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டார்கள்.

எல்லாரும் எழுந்து மௌன அஞ்சலிக்கு நின்றார்கள். நானும் நின்றேன். எனக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட நெட்டையான மனிதர் ஒருவர் கைகட்டி, தலை குனிந்து நின்றார். மௌனம் முடிந்து தலை நிமிர்ந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். மறுபடி அவர் முகத்தைப் பார்த்தேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவரே மெல்லச் சொன்னார். "பயப்படாதம்மா. அது நான்தான்."

"நீங்க... ஏழுமலைங்களா?"

"ஆமாம்மா. கெடார் ஏழுமலை. செத்தது வல்லத்து ஏழுமலை. ரெண்டு பேரும் ஒரே டீம்ல ஆடினோம். பேரும் ஒண்ணு, இனிஷியலும் ஒண்ணு. கிரவுண்டுல ஊர் பேரச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. அவன் சாவுக்கு நானே போய் மாலை போட்டுட்டு வந்தேன்."

"அப்புறம் ஏங்க சும்மா நின்னீங்க? சொல்லியிருக்கலாமே!"

"இன்னாத்துக்கும்மா? இவ்ளோ ஜனம் அவனுக்காகத்தானே எழுந்து நிக்குது. படம்தான் மாறிப்போச்சு. நடுவுல பூந்து கத்துனா அவனுக்கு மரியாதையா?"

பிறகு அவராகவே, களஞ்சியத்தில் தான் இறந்ததாக எழுதியிருப்பதை மச்சான் போனில் சொன்னதையும், விழுப்புரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தட்டுத் தடுமாறி இரண்டு வரி அடித்ததையும் சொன்னார். "அடுத்த வரி அடிக்கறதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்கம்மா. நான் போலியாம். ஒரே பேஜாரா பூட்ச்சி. வீட்ல சொன்னா சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வரல."

இவ்வளவும் கேட்டு முடிப்பதற்குள் மேடைப் பக்கம் சத்தம். விளக்கேற்ற அழைத்திருந்த பெண் தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். இறந்தவரின் மகள் தேன்மொழி என்று மைக்கில் சொல்லியிருந்தார்கள்.

"இது எங்க அப்பா இல்ல." அவள் ஃப்ளெக்ஸைக் காட்டினாள். "நெட்லயும் இந்தப் படத்தத்தான் போட்டிருக்காங்க. எடுங்கன்னு எழுதினா என்னையே எழுதவுடாம பண்ணிட்டாங்க. எங்க அப்பா முகமே யாருக்கும் ஞாபகம் இல்லையா? யாரோ ஒருத்தருக்கு மாலை போட்டு என்னைய விளக்கேத்தச் சொல்றீங்களே!"

பையன்கள் திருதிருவென்று விழித்தார்கள். பக்கத்தில் நின்ற ஏழுமலை மேடையை நோக்கி நடந்தார். அவரைப் பார்த்ததும் அவள் ஓரடி பின்னால் போனாள். படத்தில் இருந்த முகம் எதிரே வந்து நின்றால் யார்தான் பதறமாட்டார்கள்?

"சாவுக்கு வந்திருந்தேன்மா. நீ அழுதுக்கினு இருந்த, யாரையும் பார்க்கல. உங்கப்பாவும் நானும் ஒண்ணா ஆடினவங்க." இதைச் சொல்லிவிட்டுத் திரும்பி, தன் படத்தில் இருந்த மாலையைத் தானே கழற்றினார். தேன்மொழி தன் போனில் இருந்த அப்பா படத்தைத் தேடி எடுத்து விளக்குக்கு முன்னால் சாய்த்து வைத்தாள். அவர் அந்த மாலையைச் சுருட்டி அதைச் சுற்றி வைத்தார். அவள் விளக்கேற்றினாள்.

நான் கூட்டத்தில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஒரே ஆள் என்று எழுதித் தடைசெய்த இரண்டு பேர். ஒருத்தி அப்பாவைப் பறிகொடுத்தவள். இன்னொருவர் உயிரோடு இருக்கிறேன் என்று கெஞ்சியவர்.

தம்பிக்குப் போன் போட்டேன். விவரம் சொன்னதும் பழக்கதோஷத்தில் முதல் கேள்வி அதுதான் வந்தது. "ஆதாரம் இருக்காக்கா?"

"இருக்குது. இங்க சோடா குடிச்சிக்கினு நிக்குது. ஜல்தியா கிளம்பி வா."

விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து பக்கத்தின் வரலாற்றைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். நம் களஞ்சியத்தில் யார் எந்த நாளில் எதை மாற்றினாலும் அது அழியாமல் பதிவாகியிருக்கும், தெரியுமல்லவா. ஆரம்பத்தில் இரண்டு குட்டிப் பக்கங்கள். ஒன்றில் வல்லம் என்று ஊர் இருந்தது, படம் இல்லை. மற்றதில் படம் இருந்தது, ஊர் இல்லை, விழுப்புரம் மாவட்டம் என்று மட்டும் இருந்தது. ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே அணி. "ஒரே நபர், இரு பக்கங்கள், இணைக்கப்பட்டது" என்று ஒரு குறிப்பு. அதற்குப் பக்கத்தில் தம்பியின் பெயர்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "உயிரோட இருக்கறதுக்கு அவர்கிட்ட ஆதாரம் கேட்டேன். அப்பா மூஞ்சிக்கு அந்தப் பொண்ணுகிட்ட ஆதாரம் கேட்டேன். ரெண்டு மனுசங்கள ஒண்ணாக்குனப்ப என்னை யாருமே கேட்கலயேக்கா. நானும் என்னைக் கேட்டுக்கல."

அவருக்கு நான் ஆறுதல் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. நேராக இரண்டு பேரிடமும் போய், "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு எழுதினது நான்தாங்க" என்று சொன்னார். அங்கேயே தடைகளை நீக்கினார். நடந்ததை மறைக்காமல் தன் பெயரிலேயே பேச்சுப் பக்கத்தில் எழுதினார். நிர்வாகிகளில் பலர் இதைச் செய்யமாட்டார்கள். பக்கத்தைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவரிடம் நான் கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான்.

உங்களுக்கு இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் மோதும்போது, யார் பொய் சொல்கிறார் என்றுதான் நம் புத்தி முதலில் தேடும். அதைக் கொஞ்சம் அடக்குங்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கவேண்டுமானால் நம் பக்கத்தில் என்ன தப்பு நடந்திருக்கவேண்டும் என்று கேளுங்கள். அப்புறம் தடைப் பொத்தானைத் தேடலாம், அது எங்கேயும் ஓடிவிடாது.

சரி, தப்பு தெரிந்துவிட்டது, பக்கத்தைப் பிரிக்கவேண்டும். இணைப்பது சுலபம், பிரிப்பதுதான் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. யாருடைய ஆட்டம் எது? பழைய செய்திகள் எல்லாவற்றிலும் வெறும் ஏழுமலைதான். ஊர் போட்டால் இடம் பிடிக்கும் என்று விட்டுவிட்டார்கள் போல. தேன்மொழி சொல்லி, அடுத்த ஞாயிறு வல்லத்தில் அவர்கள் வீட்டில் கூடினோம். செஞ்சி ரோட்டில் போகும் பஸ்ஸில் தம்பியும் நானும் போய் இறங்கியபோது கெடாரிலிருந்து ஏழுமலை முன்னாலேயே வந்து காத்துக்கொண்டிருந்தார். தேன்மொழியின் அம்மா வறுத்த மல்லாட்டையை முறத்தோடு கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

முக்கால்வாசி வேலை சுலபமாக முடிந்தது. இந்த வருடம் இவர் காலில் அடிபட்டுக் கிடந்தார், அந்த வருடம் அவருக்கு வெளியூரில் வேலை என்று ஒவ்வொன்றாகப் பிரிந்தது. கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. அந்த வரிக்காகத்தான் அவர்களுக்குப் பக்கமே எழுதப்பட்டது. மாநிலப் போட்டி இறுதி ஆட்டம். இரண்டு அணியும் சமநிலை. நேரம் முடியப்போகிறது. கடைசி ரெய்டுக்குப் போய் எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்பி, கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் ஏழுமலை. எந்த ஏழுமலை?

தேன்மொழியின் கை மல்லாட்டையை உரிப்பதை நிறுத்திவிட்டது. அந்த வரி போய்விட்டால் அவள் அப்பாவின் பக்கத்தில் சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது. பக்கத்தையே நீக்கிவிடலாம் என்று நாளை யாராவது வந்து நிற்பார்கள். எங்கள் மூவருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரிந்திருந்தது. உயிரோடு இருக்கும் ஏழுமலை "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுக்க இந்த உலகத்தில் ஆள் இல்லை.

அவர் யோசிக்கவே இல்லை. "அது அவன்தாங்க. நான் அவுட்டாகி வெளிய உக்காந்திருந்தேன்."

தம்பி நிமிர்ந்தார். ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதை நாம் லேசில் ஏற்பதில்லை. ஆனால் தனக்குப் பெருமை சேர்க்காத விஷயத்தைச் சொன்னால் ஏற்கலாம் என்று விதியில் இடம் உண்டு. தம்பிக்கு முகமெல்லாம் வெளிச்சம். "இது போதுங்க. இத உங்க வாக்குமூலமா ஒரு பேட்டியில போட்டுட்டா ஆதாரம் ஆயிடும். அந்த வரி வல்லத்துக்காரருக்கு." தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

"எழுதாதீங்க சார்." சொன்னது தேன்மொழி.

எல்லாரும் அவளைப் பார்த்தோம். கண் கலங்கியிருந்தது.

"எங்க அப்பா அந்த மேட்ச்சைப் பத்தி ஆயிரம் தடவ சொல்லியிருக்காரு. படுக்கையில கெடக்கறப்பகூட சொன்னாரு. 'கடைசி ரெய்டு போனது கெடாருக்காரன்மா, நான் அவுட்டாகி வெளிய உக்காந்திருந்தேன்'னுதான் சொல்வாரு. நான் எப்படி சார் இத எங்க அப்பா பக்கத்துல வச்சிக்கறது?"

என் வாழ்க்கையில் எத்தனையோ சண்டை பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் இரண்டு பேர் ஒரே வரியைத் தன் பக்கம் இழுப்பார்கள். இரண்டு பேர் மாறி மாறித் தள்ளிவிட்டு, அதிலும் ஒருவர் செத்த பிறகும் தள்ளிவிட்டு, நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஏழுமலை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆள் தோள் குலுங்க அழுததைப் பார்த்துத் தேன்மொழியின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

தம்பி வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்த குரலில் கேட்டார். "உண்மையில யாருங்க போனது?"

ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பேர்ல ஒருத்தன் போனான். ஜெயிச்சிக்கினு வந்தோம். அவ்ளோதான் எழுதிக்கோங்க."

அப்படியே எழுதினோம். இன்றைக்கும் இரண்டு பேருடைய பக்கத்திலும் அந்த வரி இருக்கிறது: "இறுதி ஆட்டத்தின் கடைசி ரெய்டில் வென்றவர், அணியில் இருந்த இரண்டு ஏழுமலைகளில் ஒருவர்." உங்களில் சிலருக்கு அது அரைகுறையாகத் தெரியும். போன மாதம்கூட யாரோ "யார் என்று தெளிவுபடுத்தவும்" என்று ஒரு குறிச்சொல்லை ஒட்டிவிட்டுப் போயிருந்தார், நான்தான் எடுத்தேன். தெளிவுபடுத்தக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். மற்றவர் கெடாரில் நன்றாக இருக்கிறார், அவரிடம் போய் மறுபடி கேட்க எனக்கு வாய் வராது.